நெருப்பு பிடிப்பதற்கு முன்பே தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுங்கள்

எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள், இரண்டு பிளாக், ஒரே ஒரு கேட். சங்கச் செயலாளர் வேலை என் தலையில் விழுந்த வருடம், இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் வடைச்சட்டி பற்றிக்கொண்டது. நல்லவேளை, ஒரு அலமாரிக் கதவோடு போயிற்று. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் அடித்த கூத்து இருக்கிறதே! ஒருவர் தண்ணீர் வாளியோடு படியேறினார். இன்னொருவர் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானைக் கழற்றி, அதன் மேல் ஒட்டியிருந்த குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார், அதுவும் மூக்குக் கண்ணாடி இல்லாமல். வாட்ச்மேன் அண்ணன் என்னிடம் ஓடிவந்து, "சார், எந்த நம்பருக்குப் போன் பண்ணணும்?" என்றார். எனக்கும் சட்டென்று வாயில் வரவில்லை.

மறுவாரமே பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அதன்பிறகு இரண்டு முறை அவர்களை வரவழைத்துச் செயல்விளக்கம் நடத்தியிருக்கிறோம். முதல் முறை சொதப்பல். இரண்டாவது முறை உருப்படி. புதிதாகக் குடியிருப்புச் சங்கத்திலோ, தெரு நலச்சங்கத்திலோ, பள்ளியிலோ இந்தப் பொறுப்பை எடுத்திருப்பவர்களுக்காக, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

முதலில் நிலையத்துக்கு நேரில் போங்கள்

தீயணைப்பு நிலையம் என்றால் மணி அடித்தால் ஓடுவார்கள், மற்ற நேரம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். துறையின் முழுப்பெயர் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. அந்த 'மீட்பு' என்ற சொல்லுக்குள் கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, விரலில் மாட்டிக்கொண்டு கழற்ற முடியாத மோதிரம் எல்லாம் அடக்கம். பள்ளி, சந்தை, பேருந்து நிலையம், குடியிருப்பு என்று போய் மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் வேலைதான். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

வாசலில் வாட்ச் ரூமில் இருப்பவரிடம், நிலைய அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் ஏதாவது அழைப்பில் வெளியே போயிருந்தால் காத்திருங்கள், அல்லது எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டு திரும்புங்கள். போனில் பேசி முடிக்கலாம்தான். ஆனால் நேரில் போனால் இன்னொரு லாபம்: அங்கிருந்து உங்கள் கேட் வரைக்கும் என்ன வழி, எங்கே ரயில்வே கேட், எந்த முனையில் எப்போதும் நெரிசல் என்பதை அவர்களோடு சேர்ந்து நீங்களும் யோசிப்பீர்கள்.

எங்கள் கமிட்டியில் ஒரு பெரியவர் இதற்கு முட்டுக்கட்டை போட்டார். "அவங்களை உள்ள விட்டா அது இல்ல, இது இல்லன்னு நோட்டீஸ் கொடுப்பாங்க. சும்மா இருக்கிற சங்கை ஏன் ஊதணும்?" என்றார். பல இடங்களில் இந்தப் பயம்தான் காரியத்தைத் தடுக்கிறது. எங்களுக்கு நோட்டீஸ் எதுவும் வரவில்லை. மொட்டை மாடிக் கதவில் தொங்கிய பூட்டையும், மின்மீட்டர் அறையில் அடுக்கியிருந்த பழைய பெயின்ட் டப்பாக்களையும் காட்டி, "இதை எடுத்துடுங்க" என்றார்கள். எடுத்தோம். குறை இருந்தால், அதை முன்கூட்டி அவர்கள் வாயால் கேட்டுக்கொள்வதில் என்ன நஷ்டம்?

கையோடு ஒரு கடிதம் கொண்டுபோனால் வேலை சுருக்கமாக முடியும். நாங்கள் கொடுத்தது இவ்வளவுதான்:

பெறுநர்: நிலைய அலுவலர் அவர்கள், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் நிலையம், (ஊர்).

பொருள்: குடியிருப்பில் தீத்தடுப்புச் செயல்விளக்கம் நடத்தித் தர வேண்டுதல்.

ஐயா, எங்கள் குடியிருப்பில் 48 குடும்பங்கள் வசிக்கின்றன. முதியோர் ஏறத்தாழ 30 பேர், பள்ளிப் பிள்ளைகள் 40 பேர். சமையல் எரிவாயு, மின்கசிவு, தீயணைப்பான் பயன்பாடு ஆகியவை குறித்துச் செயல்விளக்கம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி எங்களுக்கு வசதி. தங்களுக்கு உகந்த தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

கீழே செயலாளரின் பெயர், கைபேசி எண், கேட்டுக்கு வரும் வழி. நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. வந்தவர்களுக்குக் காபி, டிபன் கொடுத்தோம், அவ்வளவுதான். அலுவலகம், தொழிற்சாலைகளில் ஊழியர்களுக்கு முறையான பயிற்சி வேண்டுமென்றால் அதற்கு நடைமுறை வேறு. அதையும் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

எந்த மாதம், எந்த நாள்

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டைகின்' என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து வெடித்தது. பஞ்சுப் பொதிகளும் வெடிபொருளும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. நாம் சித்திரைக் கனி பார்த்துக்கொண்டிருக்கும் அதே காலையில், நிலையங்களில் அவர்களுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க அவர்களே ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்துவார்கள். மார்ச் மாதமே கடிதம் கொடுத்துவிட்டால் எளிதில் இடம் கிடைக்கும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கேட்காதீர்கள். விபத்தில்லா தீபாவளி நிகழ்ச்சிகளுக்காகப் பள்ளி பள்ளியாக ஓடிக்கொண்டிருப்பார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், தண்ணீர் தேங்கும் பகுதியில் இருப்பவர்கள் வெள்ள மீட்பு ஒத்திகை கேட்கலாம். காலித் தண்ணீர் கேன்களையும் வாழைத்தண்டையும் கட்டி மிதவை செய்து காட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அது திருவிழா.

கிழமைதான் முக்கியம். முதல் முறை புதன்கிழமை காலை 11 மணிக்கு வைத்தோம். வந்தவர்கள் ஓய்வுபெற்ற பதினோரு பேர், அதில் நான்கு பேர் கமிட்டி. பொன்னாடை, வரவேற்புரை, குரூப் போட்டோ எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. தினமும் அடுப்படியில் நிற்கிற ஒரு ஆள்கூட அங்கே இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் மாடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பகல் நேரத்தில் பல வீடுகளில் கேஸ் அடுப்பைப் பற்றவைப்பதே அவர்கள்தான்!

இரண்டாவது முறை ஞாயிறு காலை 7 மணி. வேலைக்கு வரும் அக்காக்கள், இரண்டு ஷிப்ட் வாட்ச்மேன்கள், மோட்டார் போடுகிறவர், அயர்ன் வண்டிக்காரர், எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். பொன்னாடை கிடையாது. மைக் கிடையாது.

அவர்கள் வருவதற்கு முன்

வண்டி நுழையுமா என்று பாருங்கள். தீயணைப்பு வண்டி ஒரு லாரி. சுமார் 4,500 லிட்டர் தண்ணீரைச் சுமந்து வருகிறது. காருக்குத் திரும்புகிற வளைவில் அது திரும்பாது. முதல் முறை வந்தபோது வண்டி எங்கள் கேட்டுக்கு வெளியேயே நின்றுவிட்டது. காரணம், பெயர்ப்பலகைக்காக நாங்களே ஆசை ஆசையாகக் கட்டிய இரும்பு வளைவு. அதன் உயரத்தைக் கட்டியபோது யாரும் யோசிக்கவில்லை. ஓட்டுநர் இறங்கி, அண்ணாந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஏறி உட்கார்ந்தார். அந்தப் பார்வை போதும். அடுத்த மாதமே வளைவைக் கழற்றிவிட்டோம்.

அப்புறம் படிக்கட்டு. செருப்பு ஸ்டாண்ட், பழைய சைக்கிள், அட்டைப்பெட்டி, துளசி மாடம். ஒவ்வொன்றும் "ஒரு ஓரமாத்தானே சார் இருக்கு" என்று வந்து உட்கார்ந்தவைதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளித் தீவிபத்தில் 94 பிள்ளைகளை இழந்தோம். சமையலறைக் கூரையில் பிடித்த தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக்கு ஏறியது. இறங்குவதற்கு இருந்ததோ குறுகலான படிக்கட்டு. அந்த ஒன்றைச் சொன்னதும் எங்கள் குடியிருப்பில் சைக்கிளை எடுக்க மறுத்தவர்களும் எடுத்துவிட்டார்கள். இப்போது புதுத் தொல்லை, படிக்கட்டின் அடியில் பிளக் போட்டு இரவு முழுக்க மின்சார ஸ்கூட்டரை சார்ஜ் செய்வது. அதன் பேட்டரி பற்றிக்கொண்டால் எல்லாரும் இறங்க வேண்டிய வழியே புகைக்கூண்டாகிவிடும். திறந்த வெளியில் ஒரு பாயின்ட் போட்டுக்கொடுங்கள், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடட்டும்.

மூன்றாவது, இருக்கிற தீயணைப்பான்களை எடுத்துப் பாருங்கள். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்க வேண்டும். எங்களிடம் இருந்த ஆறில் இரண்டு சிவப்பில் கிடந்தன. ஒன்றில் இழுக்க வேண்டிய பின் ஊசி துருப்பிடித்து இறுகியிருந்தது. வருடா வருடம் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் பணம் வாங்கிப் போனவர் முள்ளைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அன்றைக்கு என்ன கேட்க வேண்டும்

அவர்களே ஒரு வரிசை வைத்திருப்பார்கள். ஆனால் வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடாமல், "எங்க ஆளுங்க கையால செய்ய வையுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சி உருப்படுவதும் வீணாவதும் இந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

சிலிண்டர் விளக்கம்தான் உச்சம். திறந்த வெளியில் சிலிண்டரின் வாயில் தீ வைப்பார்கள். 'புஸ்' என்ற சத்தத்தோடு ஆள் உயரத்துக்கு எரியும். கூட்டம் பத்தடி பின்னால் போகும். முன்னணித் தீயணைப்பு வீரர் ஒருவர் தண்ணீரில் நனைத்த சாக்கைக் கைகளுக்கு முன்னால் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு போய், சிலிண்டரின் தலையில் போர்த்தி, அடுத்த நொடியே வாயுவை மூடினார். அவ்வளவுதான். பிறகு மூன்றாம் மாடி அம்மா ஒருவரைக் கூப்பிட்டார்கள். எழுபது வயதிருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். முதல் முறை சாக்கைத் தூரத்திலிருந்து வீசினார். அது பாதியில் விழுந்தது. "பயப்படாதீங்கம்மா, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார் அந்த வீரர். இரண்டாவது முறை அணைந்தது. அந்த அம்மா அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார்.

இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். இன்னொன்றும் அவர்கள் அழுத்திச் சொன்னார்கள்: தீயை அணைத்துவிட்டு வாயுவை மூடாமல் விட்டால், அது எரிந்துகொண்டிருந்ததைவிட ஆபத்து. ரெகுலேட்டரை எட்ட முடியாது என்றால், சாக்கைப் பற்றி யோசிக்காமல் எல்லாரையும் வெளியே கொண்டுபோவதுதான் வேலை.

வாசனை மட்டும் வருகிறது, தீ இல்லை என்றால்? சமையல் வாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த அழுகல் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அது காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகப் படரும். அதனால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொடவே கூடாது. ரெகுலேட்டரை மூடி, கழற்றி, நூலில் தொங்கும் அந்த பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அழுத்துங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். "மூடி எங்கே வெச்சிருக்கீங்க, காட்டுங்க" என்று அவர்கள் கேட்டபோது எங்கள் 48 வீட்டில் பாதிப்பேர் விழித்தார்கள். சிலிண்டர் வந்த அன்றே அதைக் குப்பையில் போட்டிருந்தார்கள்!

சிலிண்டரின் மேல்பக்கப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். 'பி-29' என்றிருந்தால் 2029 ஜூனுக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். தேதி தாண்டியதைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

எண்ணெய்ச் சட்டி விளக்கத்தைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். கொதித்துப் பற்றிய எண்ணெயில், நீண்ட கம்பின் நுனியில் கட்டிய குவளையால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காட்டினார்கள். நெருப்பு ஒரு பந்தாக மேலே எழும்பியது. வாளியோடு படியேறியவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அடுப்பை அணை, தட்டை வைத்து மூடு, சட்டியை நகர்த்தாதே, தண்ணீர் ஊற்றாதே: பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள்.

தீயணைப்பானுக்குச் செய்முறை எளிது. பின்னை இழு, குழாயைத் தீயின் அடியில் குறிவை, பிடியை அழுத்து, வாசல் பெருக்குகிற மாதிரி இடம் வலமாக ஆட்டு. காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், வெளியே போகும் கதவும் முதுகுப் பக்கமே இருக்கட்டும். நாலு கிலோ பவுடர் பத்துப் பதினைந்து வினாடியில் தீர்ந்துவிடும். அதற்குள் அடங்காத தீயென்றால் உங்கள் வேலை முடிந்தது, வெளியேறுங்கள். மின்சாதனத்தில் பிடித்தால் முதலில் மெயினை இறக்குங்கள்.

புகை, உடையில் பிடித்த தீ, தீப்புண் இவற்றையும் தொட்டுக்கொண்டு போனார்கள். புகையில் நிற்காதே, தவழ்ந்து போ. உடை பற்றினால் ஓடாதே, படுத்து உருள். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டு. இந்த இடத்தில்தான் நம் ஊர் வைத்தியம் எல்லாம் வரிசையாக வெளியே வந்தது: பேனா மை, பற்பசை, இட்லி மாவு, தேங்காயெண்ணெய். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், வேண்டாம். மாவைச் சுரண்டி எடுப்பதற்குள் மருத்துவமனையில் நோயாளி படும் பாட்டைச் சொன்னார் ஒருவர். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

போன் செய்வதையும் ஒத்திகை பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை. 101 அல்லது 112. நாங்கள் ஒரு பத்து வயதுப் பையனையும் வாட்ச்மேன் அண்ணனையும் நடித்துக் காட்டச் சொன்னோம். அண்ணன் எடுத்த எடுப்பில், "சார், சீக்கிரம் வாங்க, எரியுது!" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எங்கே எரிகிறது? பையன் சரியாகச் சொன்னான். ஊர், தெரு, பக்கத்தில் என்ன கோயில் அல்லது கடை, எரிவது வீடா வண்டியா, உள்ளே ஆள் இருக்கிறார்களா, தன்னுடைய எண். எதிர்முனையில் வைக்கும் வரை போனை வைக்கக் கூடாது. கைபேசியிலிருந்து பேசும்போது மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். உங்கள் நிலையத்தின் நேரடித் தொலைபேசி எண்ணையும் வாங்கிக் கேட்டில் எழுதி வையுங்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலோ, டிரான்ஸ்பார்மர் பொறி பறந்தாலோ மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987.

போன் செய்த கையோடு ஒருவர் தெருமுனைக்கு ஓட வேண்டும், இரவென்றால் டார்ச்சோடு. இன்னொருவர் கேட்டைத் திறந்து, குறுக்கே நிற்கும் வண்டிகளை நகர்த்த வேண்டும். யார் யார் என்று அன்றைக்கே பெயர் எழுதிவிடுங்கள்.

ஒரு சங்கதிக்குத் தயாராக இருங்கள். நிகழ்ச்சி நடுவில் அவர்களுக்கு அழைப்பு வந்துவிடலாம். எங்களுக்கு வந்தது. ஓட்டுநரின் போன் அடித்தது, "கால் வந்திருக்கு" என்றார். பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. விரித்திருந்த ஹோஸைச் சுருட்டி எறிந்து, ஏறி உட்கார்ந்து வண்டி நகர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கேட்டில் போய் நின்றுவிட்டது. நிகழ்ச்சி பார்க்க வந்த விருந்தாளி ஒருவர் சரியாகக் கேட்டின் குறுக்கே காரை நிறுத்திவிட்டு, சாவியோடு கூட்டத்தில் நின்றிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துக் காரை எடுக்கும் வரை சைரன் அலறிக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் கற்றுக்கொண்டதில் அதுதான் பெரிய பாடம் என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். இப்போது கேட்டுக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு.

முடிந்த பிறகு

அந்த வாரமே மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் நடக்காது. அவர்கள் சுட்டிக்காட்டியவற்றைச் சரிசெய்து நிலையத்துக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். தீயணைப்பான் முள்ளை மாதம் ஒரு முறை பார்க்க ஓர் ஆளைப் போடுங்கள். எங்களுக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பெண்கள் இதைச் செய்கிறார்கள், பெரியவர்களைவிட ஒழுங்காக. மின்மீட்டர் அறைச் சாவியை வாட்ச்மேன் அறையில் ஓர் ஆணியில் மாட்டுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஓர் இரவு ஒன்பது மணிக்குக் கீழே இறங்கிப்போய், "அண்ணே, மீட்டர் ரூம் சாவி எங்கே?" என்று சும்மா கேட்டேன். திருதிருவென்று விழித்தார். பழைய அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். இவர் வந்து எட்டு நாள்தான் ஆகிறது. சாவி அவர் தலைக்கு நேர் மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, முதல்ல நம்பர். நூத்தி ஒண்ணு" என்று ஆரம்பித்தேன்.